நாற்பது பிரதிகள்

எண்பத்தேழு பட்டியல்கள் வந்திருந்தன. சங்கத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். மற்றவர்கள் வாயைத் திறக்கவில்லை. வருடா வருடம் அப்படித்தான்.

முறை எளிது. போன வருடம் முதன்முதலாக வெளியான அறிவியல் கதைகளிலும் மாயக் கதைகளிலும் தனக்குப் பிடித்த ஐந்தை ஒவ்வொரு உறுப்பினரும் எழுதி அனுப்ப வேண்டும். அதிகம் பேர் சொன்ன ஆறு கதைகள் இறுதிப் பட்டியலில் ஏறும். பிறகு அந்த ஆறுக்குள் போட்டி. ஜெயித்தவருக்கு உள்ளங்கை அளவில் ஒரு கண்ணாடிக் கட்டி. அதை வைத்துக்கொண்டு ஒரு பொட்டலம் உப்புகூட வாங்க முடியாது. ஆனாலும் அந்த ஆறில் ஒன்றாக வந்துவிட மாட்டோமா என்று தவம் கிடப்பவர்கள் இருந்தார்கள்.

எண்ணுவது அவள் வேலை. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். சங்கத்தில் யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, பட்டப்பெயர்தான். அவள் ‘எக்ஸ்ரே’. எண்ணும் குழுவில் அவளோடு இன்னும் இருவர். தபால் நிலையத்தில் முப்பது வருடம் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவர் ‘தபால்’. மருந்துக் கடை வைத்திருப்பவள் ‘மருந்து’. பட்டியல்களைப் பிரித்து எண்ணி, கதைகளைச் சரிபார்ப்பது எக்ஸ்ரே. மற்ற இருவரும் அவள் எண்ணியதை நம்பிக் கையெழுத்துப் போடுவார்கள்.

சாப்பாட்டு நேரத்தில் எக்ஸ்ரே அறையின் கதவைச் சாத்திவிட்டு, கதிரைத் தடுக்கும் ஈயக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த சின்ன மேசையில் கணினியைத் திறந்தாள். இரண்டு மணிக்குத்தான் அடுத்த ஆள்.

எண்ணுவதில் பாதி வேலை, என்ன எழுதியிருக்கிறார்கள் என்று புரிந்துகொள்வது. ஒருவர் வழக்கம்போலத் தன் கதையையே ஐந்து முறை எழுதியிருந்தார். ஒருவர் ‘போன வருடம் எதுவும் தேறவில்லை, அதற்கு முந்தின வருடமும் தேறவில்லை’ என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். தலைப்பை மறந்தவர்கள் அடையாளம் சொல்லியிருந்தார்கள். அதில் ஒன்று: ‘அந்த லிஃப்ட் கதை. அண்ணன் தங்கச்சி. தலைப்பு ஞாபகமில்லை. படித்துவிட்டு இரண்டு நாள் வீட்டில் யாரோடும் பேசவில்லை.’

அந்த வரியை மூன்று முறை படித்தாள். பிறகு ‘எதிர் எடை’ என்ற வரிசையில் ஒரு கோடு போட்டாள்.

‘எதிர் எடை’ அவள் அண்ணன் எழுதியது. அவன் எழுதிய ஒரே கதை.

பத்தொன்பது கோடுகள் விழுந்திருந்தன. நான்காம் இடம்.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். சங்கத்தை ஆரம்பித்த ஐந்து பேரில் ஒருவன். அதன் பதினேழு விதிகளையும் உட்கார்ந்து எழுதியவன். அதனால் ‘சட்டம்’. ஒன்றரை வருடத்துக்கு முன்னால் பன்னிரண்டு மாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்டைச் சோதித்து, தாளில் ‘சரி’ என்று கையெழுத்துப் போட்டான். நான்காம் நாள் பிரேக் பிடிக்கவில்லை. உள்ளே பார்சல் கொண்டுபோன ஆள் ஒருவர். இரண்டு காலும் போயிற்று. விசாரணை நடந்தது. பிரேக்கின் உள்பாகத்தில் வார்ப்பிலேயே குறை, சோதனையில் தெரிய வழியில்லை, மெக்கானிக் மேல் தப்பில்லை என்று அறிக்கை வந்தது. அண்ணன் அந்த அறிக்கையை மனப்பாடம் ஆகும்வரை படித்தான். தன் தப்பு எந்தப் பக்கத்தில் ஒளிந்திருக்கிறது என்று தேடினான். அகப்படவில்லை.

முதலில் வேலைக்குப் போவதை நிறுத்தினான். அப்புறம் தெருவுக்குப் போவதை. அப்புறம் கூடத்துக்கு வருவதை. அறைக்குள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டான். அண்ணி காலையில் சாப்பாட்டுத் தட்டை அறைக்கு வெளியே தரையில் வைத்துவிட்டு வேலைக்குப் போனாள். சாயங்காலம் வந்து, பாதி காலியான தட்டை எடுத்தாள்.

கதை அதற்கெல்லாம் முன்னால் எழுதியது. அவளிடம் தட்டச்சுப் பிரதி இருந்தது. போன வருடம் ஒரு பத்திரிகைக்கு அனுப்பட்டுமா என்று கேட்டபோது, கதவுக்குப் பின்னாலிருந்து, “என்னமோ பண்ணு” என்றான். இதழ் வந்ததும் கதவுக்கு அடியில் தள்ளினாள். அது வெளியே திரும்பி வரவில்லை. அதையே நல்ல சேதியாக எடுத்துக்கொண்டாள்.

வானத்துக்குப் போகிற லிஃப்ட் ஒன்று கதையில் வருகிறது. மேலே போய்ச் சேரப் பத்தொன்பது வருடம். அது ஏற ஏற, மறுபக்கம் எதிர் எடை இறங்குகிறது. எதிர் எடைக்குள்ளும் ஆட்கள் இருக்கிறார்கள். அண்ணன் ஏறுகிறான், தங்கை இறங்குகிறாள். பாதி வழியில் இரண்டும் ஒன்றையொன்று கடக்கும்போது, ஜன்னல் வழியாக ஒரு நொடி பார்த்துக்கொள்ளலாம். அந்த ஒரு நொடிக்காக ஒன்பதரை வருடம் காத்திருக்கிறார்கள். அவ்வளவுதான் கதை.

பத்தொன்பது பேர். யாரென்று தெரியாத பத்தொன்பது பேர். தங்கை நல்லா இருக்கு என்றால் அது தங்கை பேச்சு. அண்ணி சொன்னால் அண்ணி பேச்சு. இந்தப் பத்தொன்பது பேரை அவனால் தள்ள முடியாது. அவன் எழுதிய விதிப்படி, அவன் போட்ட முறைப்படி எண்ணப்பட்டவர்கள். இதற்கும் அந்தத் தாழ்ப்பாள் திறக்காவிட்டால் வேறு எதற்கும் திறக்காது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

ஆறு கதைகளும் முதலில் எங்கே, எப்போது வெளியாயின என்று எழுத வேண்டும். முதல் மூன்றுக்கு எழுதினாள். நான்காவதற்குப் பத்திரிகையின் பெயரை அடித்தாள். மாதத்தை அடிக்கப் போன கை நின்றது.

முதலில்?

மூன்று வருடத்துக்கு முன்னால் அண்ணனுக்கு ஐம்பது வயது ஆனது. பரிசாக என்ன கொடுப்பது என்று தெரியாமல், அவன் நோட்டில் எழுதி வைத்திருந்த கதையைத் தட்டச்சு செய்து, சின்னப் புத்தகமாகத் தைத்தாள். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எல்லாம் கணினிக்கு மாறிய சமயம். கழித்துக்கட்டிய பழைய ஃபிலிம்கள் மூட்டையாகக் கிடந்தன. பெயர் இருந்த மூலைகளை வெட்டி எறிந்துவிட்டு, மிச்சத்தில் அட்டை போட்டாள். ஒவ்வொரு அட்டையிலும் ஒவ்வொரு எலும்பு. அண்ணனுக்குக் கொடுத்ததில் ஒரு கை, ஐந்து விரலும் விரிந்து.

தைக்க ஆரம்பித்தால் கை நிற்கவில்லை. நாற்பது பிரதி ஆகிவிட்டது. மற்ற முப்பத்தொன்பதையும் அந்த வருடத்துச் சங்கக் கூட்டத்தில் வாசல் மேசையில் அடுக்கி வைத்தாள். வேண்டுபவர்கள் எடுத்துக்கொள்ளலாம். அட்டையைப் பார்த்துவிட்டுப் பதினாறு பேர் எடுத்தார்கள். அண்ணனுக்கு அன்று வேலை, கூட்டத்துக்கு வரவில்லை. சொன்னால் கூச்சப்படுவான் என்று அவளும் சொல்லவில்லை. உலகத்திலேயே ஒரே பிரதிதான் என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான். மிஞ்சியவற்றில் ஒன்றை வைத்துக்கொண்டு, மற்றதை வீடு மாறும்போது பழைய பேப்பரோடு போட்டாள். மறந்தும் போனாள். அவளுக்கு அது வெறும் பிறந்தநாள் பரிசு.

ஒன்பதாம் விதி அவளுக்கு மனப்பாடம். ‘ஒரு கதை முதலில் வெளியான வருடத்துக்கு மட்டுமே உரியது. எத்தனை பிரதி என்பது பொருட்டல்ல. முன்பின் தெரியாத ஒருவர் எடுத்துப் போகும்படி வைத்திருந்தால் அது வெளியீடே.’

அதையும் அண்ணன்தான் எழுதினான், பதினோரு வருடத்துக்கு முன்னால். விதி வந்த அதே வருடம் ஒரு டீச்சரின் கதை இரண்டாம் இடத்தில் வந்திருந்தது. அதற்கு முந்தின வருடமே பள்ளி ஆண்டு மலரில் அது வந்துவிட்டது என்று அண்ணன் கண்டுபிடித்தான்.

“ஆண்டு மலரை யார் சார் படிக்கறாங்க? அச்சுப் போட்டவர்கூடப் படிச்சிருக்க மாட்டார்” என்றார் டீச்சர். எல்லோரும் சிரித்தார்கள்.

அண்ணன் சிரிக்கவில்லை. “கதை நல்ல கதைதான் டீச்சர். வருஷம்தான் தப்பு.”

டீச்சர் அதற்குப் பிறகு சங்கத்துக்கு வரவில்லை. எழுதவும் இல்லை.

சாயங்காலம் வீட்டுக்குப் போய் அலமாரியில் கையை விட்டாள். தன் பிரதியை எடுத்தாள். அட்டையில் யாரோ ஒருவரின் தோள்பட்டை. உள்ளே தாள்களைக் கிழித்தாள். கிழிந்தன. அட்டையைக் கிழித்தாள். ஃபிலிம் வளைந்ததே தவிரக் கிழியவில்லை. மறுநாள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், கழிவு ஃபிலிம் பெட்டியின் அடியில் செருகினாள்.

பிறகு நான்காவது கதைக்கு நேராகப் பத்திரிகையின் பெயரும் மாதமும் எழுதினாள். கீழே ‘சரிபார்க்கப்பட்டது’ என்று கையெழுத்துப் போட்டாள். ஆறு பேருக்கும், சம்மதம் கேட்டு ஒரு படிவத்தோடு கடிதம் அனுப்பினாள்.

*

ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணன் வீட்டுக்குப் போனாள். ஐந்தாம் மாடி. அண்ணி கையில் மாவோடு கதவைத் திறந்தாள்.

“வா நாத்தனாரே. உங்க அண்ணன் கடைக்குப் போயிருக்கார்.”

“கடைக்கா?”

“பிளேடு வாங்க. நேத்து உன் கடுதாசி வந்ததும் சமையல் கத்திரியை எடுத்துட்டுப் போனார். எனக்கு ஈரக்குலையே நடுங்கிடுச்சு. பார்த்தா தாடியை வெட்டறார். பாதியில நிறுத்திட்டு, பிளேடு இல்லாம இது ஆகாதுன்னார். நான் வாங்கிட்டு வர்றேன்னேன். உனக்கு எந்த பிளேடுன்னு தெரியாதுன்னுட்டார்.” அண்ணி குரலைத் தாழ்த்தினாள். “லிஃப்ட்ல போனார். கதவிடுக்குல பார்த்தேன். உள்ள காலை வைக்கறதுக்கு முன்னாடி கூரையைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் போயிட்டார்.”

அண்ணி முழங்கையால் கண்ணைத் துடைத்தாள். மூக்கு நுனியில் மாவு ஒட்டியது.

அவள் அண்ணன் அறைக்குள் போனாள். ஜன்னல் திறந்திருந்தது. ஒன்றரை வருடத்துக் காற்று இன்னும் முழுக்க வெளியேறவில்லை. அலமாரியில் விரலை ஓட்டினாள். சோதனைத் தாள்களின் கோப்பு. அறிக்கை. பத்திரிகை. அந்தக் கறுப்பு அட்டை இல்லை. மேசை இழுப்பறையைத் திறந்தாள்.

“என்ன எக்ஸ்ரே, ரெய்டா?”

வாசலில் நின்றான். அரைத் தாடி. சட்டை தொளதொளவென்று தொங்கியது. ஆள் பாதியாகியிருந்தான். ஆனால் நின்றுகொண்டிருந்தான்.

“பேனா தேடினேன்.”

“பேனாவா? உன் காதுலயே இருக்கு.” கட்டிலில் உட்கார்ந்து பிளேடு பாக்கெட்டைப் பிரித்தான். “எத்தனை பேரு?”

“சொல்லக் கூடாதுண்ணா. நீதானே எழுதினே.”

“பட்டியல் வர்றதுக்கு முன்னாடி எழுத்தாளர்கிட்டச் சொல்லலாம். பதினோராம் விதி. சும்மா பேசாதே.”

“பத்தொன்பது.”

“நீ யாரையாவது பிடிச்சுக் கெஞ்சினியா?”

“நான் கெஞ்சினா மூணு பேருகூடத் தேற மாட்டாங்க.”

சிரித்தான். சத்தம் வரவில்லை, தோள் மட்டும் குலுங்கியது. “ஏதாவது எழுதியிருந்தாங்களா? அந்தப் பத்தொன்பது பேரு?”

“ஒருத்தர் படிச்சுட்டு ரெண்டு நாள் வீட்ல யார்கூடவும் பேசலையாம்.”

“பாவம் அவங்க வீட்ல.” ஜன்னலைப் பார்த்தான். “ரெண்டு நாளா?”

“ரெண்டு நாள்.”

அவள் இழுப்பறையை மூடினாள். “அண்ணா, அந்தப் படிவத்தை நானே நிரப்பி அனுப்பிடறேன். மூணே கேள்விதான். நீ சரின்னு சொன்னா போதும்.”

“குழுவில இருக்கறவங்க நிரப்பக் கூடாது.”

“யாருண்ணா பார்க்கப் போறாங்க?”

“லிஃப்ட் கூண்டுக்கு மேல ஏறி யாரு பார்க்கறாங்க? அதுக்காக அங்க துடைக்காம விடறதா?” பிளேடை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். “நானே எழுதறேன். எழுதி எவ்வளவு நாளாச்சு.”

அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம். அவன் எழுந்து கண்ணாடி முன்னால் போய் நின்று, அண்ணியைக் கூப்பிட்டு வெந்நீர் கேட்டான். அண்ணி ஓடினாள். அவள் சொல்லவில்லை.

*

படிவம் திங்கட்கிழமை வந்தது. குழுவில் உள்ள மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் போகும்படிதான் அதை அமைத்திருந்தார்கள். அவள் ஒரு சிறுவனின் முழங்கையைப் படம் எடுத்து அனுப்பிவிட்டு, ஈயக் கண்ணாடிக்குப் பின்னால் நின்றபடி படித்தாள்.

‘ஒன்று. தலைப்பு: எதிர் எடை.

இரண்டு. முதலில் வெளியானது: போன வருடம், பத்திரிகையில். அதற்கு முன் என் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு என் தங்கை இதைத் தட்டச்சு செய்து, கையால் தைத்து, எக்ஸ்ரே ஃபிலிமில் அட்டை போட்டு எனக்கு மட்டும் ஒரு பிரதி கொடுத்தாள். ஒன்பதாம் விதிப்படி அது வெளியீடு ஆகாது. இருந்தாலும் அது பதிவில் இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். அவள் தைக்காமல் இருந்தால் இது நோட்டிலேயே கிடந்திருக்கும். படம் இணைத்திருக்கிறேன்.

மூன்று. ஏற்கிறேன்.’

படத்தில் தலையணை மேல் அந்தப் புத்தகம். கறுப்பு அட்டை. விரிந்த ஐந்து விரல்.

அலமாரியில் அது ஏன் இல்லை என்று இப்போது தெரிந்தது.

அரை மணி நேரத்தில் தபால் கூப்பிட்டார்.

“எக்ஸ்ரேம்மா, பேசலாமா? ஆள் யாராவது இருக்காங்களா?”

“சொல்லுங்க சார்.”

“சட்டம் அனுப்பின படம் பார்த்தேன்.” பெருமூச்சு விட்டார். “என்கிட்டேயும் ஒண்ணு இருக்கும்மா. என்னோடதுல முழங்கால். அன்னிக்குக் கூட்டத்துல வாசல் மேசையில எடுத்தேன்.”

அவள் கைபேசியை மறு காதுக்கு மாற்றினாள்.

“அட்டை அழகா இருந்துச்சுன்னு எடுத்தேன். உள்ள என்ன இருக்குன்னு படிக்கலை. சத்தியமா. பத்திரிகையில வந்தப்போ படிச்சு, ஆடிப்போய், பட்டியல்ல எழுதினேன். ரெண்டும் ஒண்ணுன்னு இப்பத்தான் பரண்ல ஏறி எடுத்துப் பார்த்துத் தெரிஞ்சுக்கிட்டேன். திரும்பப் பரண்லயே போட்டுடவா? நான் கிழவன். எனக்கு எவ்வளவோ மறந்துபோகுது.”

“போட்டுடுங்க சார்” என்றாள்.

“மருந்துகிட்ட?”

“நான் பேசிக்கறேன்.”

மருந்துக் கடையில் மாலைக் கூட்டம். அவள் ஓரமாக நின்றாள். மருந்து ஒரு கிழவருக்கு எந்த மாத்திரை காலையில், எது ராத்திரி என்று உறை மேல் சூரியனும் நிலாவும் வரைந்து கொடுத்தாள். கடைசி ஆள் போனதும் கல்லாவை மூடிவிட்டு வந்தாள்.

“படத்தைப் பார்த்ததுமே எனக்குச் சந்தேகம்டி. அந்தக் கூட்டத்துல மேசை கிட்ட உட்கார்ந்து கையெழுத்து வாங்கினது நான்தான். கறுப்பு அட்டையை எல்லாரும் வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்துட்டிருந்தது ஞாபகம் இருக்கு. கதை எதுன்னுதான் அப்போ தெரியலை.”

“தபால் சார் பரண்ல போட்டுடறேன்னுட்டார்.”

“அவர் போடுவார். நல்ல மனுஷன்.” மருந்து கண்ணாடிப் பெட்டி மேல் இருந்த தூசியைத் துடைத்தாள். தூசி இல்லை. “நீ எப்போ கண்டுபிடிச்சே?”

“எண்ணும்போது.”

“எண்ணிட்டு?”

“கையெழுத்துப் போட்டேன்.”

மருந்து தலையை ஆட்டினாள். “பட்டியல்ல உன் அண்ணன் கதையை நான் முதல்ல எழுதினேன், தெரியுமா? யாருன்னு பார்த்து எழுதலை. அழுதுட்டு எழுதினேன்.”

“அப்போ விட்டுடுடி. அவன் ஷேவ் பண்ணிட்டான். லிஃப்ட்ல இறங்கிக் கடைக்குப் போனான். உனக்குத் தெரியாது அது என்னன்னு.”

“தெரியும்.”

“தெரிஞ்சா விட்டுடு.”

“டீச்சர் என் கூடப் படிச்சவ” என்றாள் மருந்து. “அவ கதையை யாரும் பரண்ல போடலை. இதே கடைக்கு வந்து, இதே இடத்துல நின்னு, ஆண்டு மலரை யாருடி படிச்சான்னு கேட்டா. நான் என்ன சொன்னேன் தெரியுமா? விதி விதிதானேன்னேன். உன் அண்ணன் மேல எனக்கு அவ்வளவு மரியாதை. அந்தப் புத்தகத்தை எத்தனையோ பேர் எடுத்தாங்க. நாளைக்கு அதுல ஒருத்தன் பரணைச் சுத்தம் பண்ணுவான். அப்போ சட்டத்தோட பேரை நடுத்தெருவுல இழுப்பாங்க. அதுக்கு நீயே போய்ச் சொல்லிடு. இன்னிக்கே சொல்லு. ஊர் முழுக்கத் தெரிஞ்சப்புறம் எடுத்தா அவர் தாங்க மாட்டார்.”

“இப்ப மட்டும் தாங்குவானா?”

ஒரு ஆள் வந்து தலைவலி மாத்திரை கேட்டான். எடுத்துக் கொடுத்தாள்.

*

அன்றே, வெளிச்சம் மறைவதற்குள் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். படியேறிப் போனாள். அண்ணி இன்னும் வேலையிலிருந்து வரவில்லை. அண்ணனே கதவைத் திறந்தான். மழித்த முகம். தாடி இருந்த இடம் வெளுத்து, வேறு யாருடைய தாடையோ போல இருந்தது. இஸ்திரி போட்ட சட்டை.

“நல்லவேளை வந்தே. பழைய கம்பெனியில பேசினேன். மேல ஏற வேண்டாம், ஆபீஸ்ல உட்கார்ந்து தாள் பார்த்தா போதும்கறாங்க. நாளைக்கு வரச் சொல்லியிருக்காங்க. இந்தச் சட்டை போதுமா?”

“அண்ணா, உட்காரு.”

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். உட்கார்ந்தான்.

அவள் நின்றுகொண்டே சொன்னாள். எங்கும் நிறுத்தவில்லை, நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது. முடித்தபோது கீழே தெருவில் யாரோ இரும்புக் கதவை இழுத்துச் சாத்தினார்கள்.

அவன் கேட்க ஆரம்பித்தான். சோதனைத் தாளை நிரப்புகிற குரல்.

“எத்தனை பிரதி?”

“நாற்பது.”

“மேசையில எத்தனை?”

“முப்பத்தொன்பது.”

“எத்தனை பேரு எடுத்தாங்க?”

“பதினாறு.”

“பதினாறு பேரா?” ஒரு நொடி அவன் முகத்தில் என்னவோ ஏறியது. “படிச்சுட்டு யாராவது ஏதாவது சொன்னாங்களா?”

“அட்டைக்காக எடுத்தாங்கண்ணா.”

ஏறியது இறங்கியது.

“அந்த வருஷம் பட்டியல்ல யாராவது எழுதினாங்களா?”

“இல்லை.”

“ஒருத்தர்கூட?”

“இல்லைண்ணா.”

“ம்.” உள்ளங்கையைத் தாடையில் தேய்த்தான். அங்கே தாடி இல்லை. கையை மடியில் வைத்துக்கொண்டான். “நீ எப்போ கண்டுபிடிச்சே?”

அவள் இதற்காகத்தான் பயந்துகொண்டு வந்தாள்.

“எண்ணும்போது.”

“எனக்குக் கடுதாசி அனுப்பறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?”

“முன்னாடி.”

“சரிபார்க்கப்பட்டதுன்னு கையெழுத்து?”

“போட்டேன்.”

அவளுக்கு அவன் கத்தினால் தேவலாம் போலிருந்தது. கத்தவில்லை.

“நான் தெரியாம போட்டேன்” என்றான். “ஒன்றரை வருஷமா அது ஒண்ணைத்தான் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். தெரியாம போட்டேன், தெரியாம போட்டேன்னு. நீ தெரிஞ்சு போட்டிருக்கே.”

“உனக்காகத்தாண்ணா.”

“அதான் சொல்றேன்.”

எழுந்து சட்டைப் பித்தானைக் கழற்றினான். ஒவ்வொன்றாக. சட்டையை இஸ்திரி மடிப்பு கலையாமல் மடித்து, நாற்காலி மேல் வைத்தான். தலையணைக்கு அடியிலிருந்து புத்தகத்தை எடுத்தான். ஜன்னல் வெளிச்சத்தில் அட்டையைப் பிடித்துப் பார்த்தான். விரல் எலும்புகளுக்குப் பின்னால் எதிர்வீட்டு மாடி தெரிந்தது.

“டீச்சர் இப்போ எங்க இருக்காங்க?”

“தெரியாதுண்ணா. மருந்துக்கும் தெரியாது. வீடு மாறிட்டாங்க. கடுதாசி போட்டா திரும்பி வருது.”

“அவங்க கதை என்ன தெரியுமா உனக்கு? ஒரு பள்ளிக்கூடத்துல வருகைப் பதிவேட்டுல ஒரு பேரு கூடுதலா இருக்கும். அந்தப் பையன் வரவே மாட்டான். ஆனா தினமும் யாரோ உள்ளேன்னு சொல்வாங்க.” புத்தகத்தை அவளிடம் நீட்டினான். “எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கு. ஒரு வரி விடாம. நான் அவங்ககிட்ட அதைச் சொன்னதே இல்லை.”

அவள் புத்தகத்தை வாங்கவில்லை. அவன் அதை அவள் பைக்குள் வைத்தான்.

“ஏழாவது யாரு?”

“புது ஆள். முதல் கதை.”

“இன்னிக்கே எழுதிடு. காக்க வைக்காதே. அவனுக்குத் தெரியாது, காத்திருக்கோம்னே தெரியாது. அது இன்னும் மோசம்.”

“நாளைக்குக் கம்பெனிக்குப் போறியாண்ணா?”

“தாள் பார்க்கற வேலை” என்றான். “பார்த்துட்டுக் கையெழுத்துப் போடணும்.”

கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான்.

அவள் வெளியே வந்தாள். படியில் அண்ணி எதிரே வந்துகொண்டிருந்தாள், கையில் ஒரு துணிக்கடைப் பை. லிஃப்டில் வந்திருக்கலாம். முந்தின நாள் அவன் அதில் கடைக்குப் போய் வந்ததிலிருந்து, அது அவனுடையது என்பதுபோல அண்ணி படியில்தான் ஏறிக்கொண்டிருந்தாள்.

“பாரு, உங்க அண்ணனுக்குப் புதுசு. நாளைக்குப் போட்டுட்டுப் போக. அளவு குத்துமதிப்பா எடுத்தேன், ஆள்தான் இளைச்சுட்டாரே...” அவள் முகத்தைப் பார்த்ததும் அண்ணியின் பேச்சு நின்றது. “என்னடி ஆச்சு?”

“பட்டியல்ல இல்லை அண்ணி.”

“அதெப்படி? இருக்குன்னு நீதானே எழுதினே?”

“ஆமா. நான்தான் எழுதினேன்.”

அண்ணி பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மேலே ஓடினாள். ஓடிய வேகத்தில் வீட்டுக் கதவைச் சாத்தவில்லை.

எக்ஸ்ரே ஐந்தாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில் படியில் உட்கார்ந்தாள். கைபேசியை எடுத்து ஏழாவது ஆளுக்கு எழுதினாள். ‘உங்கள் கதை இறுதிப் பட்டியலில் இடம்பெற்றுள்ளது. இணைத்துள்ள படிவத்தை நிரப்பி அனுப்பவும்.’ இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டு அனுப்பினாள்.

இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது. ‘மேடம் நிஜமாவா? வேற யாருக்கோ போகவேண்டியது எனக்கு வந்துடலையே? எங்க வீட்டில் எல்லாரும் கத்திக்கிட்டிருக்காங்க மேடம்.’

அவள் அடித்தாள். ‘தவறு எதுவும் இல்லை. இரண்டாம் கேள்வியை மட்டும் நன்றாக யோசித்து எழுதவும்.’

மேலே அண்ணி அறைக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தாள். “என்னங்க. இந்தச் சட்டையைப் போட்டு மட்டும் பாருங்களேன். அளவு சரியான்னு பார்த்துட்டுக் கழட்டிடுங்க.” தட்டல் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு நின்றது.

அவள் படியிலேயே உட்கார்ந்திருந்தாள். வெகுநேரம் கழித்து, தரையில் தட்டு வைக்கிற சத்தம் கேட்டது.